மலையோரத் தொடக்கப் பள்ளியின் மூன்றாவது ஆசிரியர் பணியிடத்தைத் திரும்பத் தர வேண்டி மனு

அனுப்புநர்:
பெற்றோர்கள்,
அரசு தொடக்கப் பள்ளி,
பேச்சிப்பாறை மலையோரப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

கல்வி அலுவலகங்களில் நாங்கள் ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்களுக்குப் பதில் வராததால், இம்மலைப் பாதையையும் மழையையும் அறிந்த தங்களிடம் பணிவுடன் முறையிடுகிறோம்.

1. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களும், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்களும் இருக்க வேண்டும். ஆசிரியர் பணியிடங்களை முடிவு செய்யப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் ஆகஸ்டு 1ஆம் தேதி எங்கள் பள்ளியில் 62 பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் காணி பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து புதிதாகச் சேர்ந்த நான்கு பிள்ளைகளின் பெயர்கள், மழையில் ஒரு வாரமாகச் செல்போன் சிக்னல் இல்லாததால், மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையதளத்தில் ஏறவில்லை. கணக்கு 58 என்று ஆனது. ஆசிரியை ஒருவர் மே மாதம் ஓய்வு பெற்றதால் காலியாக இருந்த மூன்றாவது பணியிடம், 'ஆளில்லா உபரி' (ஆசிரியர் இல்லாத, தேவைக்கு மிஞ்சிய பணியிடம்) என்று சென்னையிலுள்ள தொடக்கக் கல்வி இயக்குநரின் பொதுத் தொகுப்புக்குப் போய்விட்டது.

2. இப்போது ஐந்து வகுப்புகளுக்குத் தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே பேர். அவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போகும் நாளில் ஒரே ஆசிரியை, ஒரே அறையில் கரும்பலகையை நடுவில் நிறுத்தி, ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிவிட்டு, மறுபக்கம் போய் ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்குப் போடுகிறார். அதற்குள் சின்னப் பிள்ளைகளில் ஒன்று அழுகிறது, ஒன்று வாசலுக்கு ஓடுகிறது. விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகும் எங்களால் வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியாது. எங்களில் இந்த மனுவை எழுதும் எனக்கும் ஒரு மகள்; மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் தன் பெயருக்கு மேல் ஒரு வரி எழுதத் தடுமாறுகிறாள். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

3. கல்வி அலுவலகங்களுக்கு மனுவோடு போகும்போதெல்லாம், "எங்கள் கையில் ஒன்றும் இல்லை, சென்னையில்தான் முடிவு செய்ய வேண்டும்" என்றே சொல்கிறார்கள். இடமாறுதல் கலந்தாய்வு இணையவழியில் நடப்பதால் சிபாரிசு குறைந்திருப்பதை நாங்கள் மறுக்கவில்லை; அது நல்லதே. ஆனால் நேரில் வந்து தலையை எண்ணிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தீரும் விஷயத்துக்கும் ஏறக்குறைய 700 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துதான் உத்தரவு வர வேண்டுமா? ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பெரியாத நாங்கள் இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போய் யாரிடம் கேட்பது? பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், அலுவலர்களும் இங்கே இருக்கிறார்கள். அதிகாரம் மட்டும் ஏன் இங்கே இல்லை?

4. ஆகவே நேரில் ஆய்வு செய்து பணியிடத்தைத் திரும்பப் பெற்றுத் தாருங்கள்.

5. அதுவரை பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரையாவது மாற்றுப்பணியில் அனுப்புங்கள். இப்படிப்பட்ட நியமனங்களை மாவட்ட அளவிலேயே செய்ய அதிகாரம் கேட்டு அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். ஓர் ஆசிரியர், அவ்வளவுதான் ஐயா, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஓர் ஆசிரியரைத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைக்கப்பட்டுள்ளன)