மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி

அன்புள்ள நண்பா,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். மைனிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் இங்கே குடும்ப ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொன்னோம். நாங்கள் சுகம். மழை நேரத்துக்குப் பிடித்ததால் விளை முழுக்கப் பச்சை. மட்டி வாழை குலை தள்ளியிருக்கிறது. 2023-ல் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்களும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு முதலில் கொடுத்த பழம் அல்லவா, எனக்குச் சந்தோஷம்தான். முதல் குலையை அறுப்பின் பண்டிகைக்கு என்று வைத்திருக்கிறேன். ஏலத்தில் யார் எடுத்தாலும் சரி.

உன் மகன் விஷயம் வாசித்துவிட்டு ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை. சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டான், ஞாயிறு காலை ஆனால் வீட்டில் சண்டை என்று எழுதியிருக்கிறாய். "ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று அவன் கேட்டதும், நீ வேதாகமத்தை எடுத்து அரைமணி நேரம் பேசியதும், அவன் எழுந்து போனதும் எல்லாம் வாசித்தேன்.

அந்தக் கேள்வியை அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளாதே. 2017 நவம்பர் 30-ஆம் தேதி நம் குமரி மாவட்டத்தில் இருந்த யாருக்கும் அது சின்னக் கேள்வி இல்லை. மேற்கே ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. அவற்றைத் திரும்ப நட்டோம். கடற்கரை ஊர்களில் போன பிள்ளைகளை யார் திரும்பத் தர முடியும்? லூக்கா 13-ஐ எடுத்துப் பார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று சொல்கிறார். உன் மகன் கேட்டதும் அதுதானே! மனந்திரும்புங்கள் என்று கேட்டு நின்றவர்களுக்கும் சொன்னார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் செத்தவர்கள் தலையில் பழி போட அவர் விடவில்லை. அதற்கு அடுத்த வசனத்திலேயே அத்திமர உவமை தொடங்குகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை இத்தனை வருஷம் வாசித்தும் நான் சேர்த்து யோசித்தது உன் கடிதத்துக்கு அப்புறம்தான்.

மூன்று வருஷமாகக் கனி இல்லை, வெட்டிப்போடு என்கிறார் சொந்தக்காரர். தோட்டக்காரன் இந்த வருஷமும் இருக்கட்டும் என்று கெஞ்சி, "நான் இதைச்சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்" என்கிறான். சுற்றிலும் என்பதைக் கவனி. தென்னைக்கு உரம் வைக்கிறவர்கள் யாரும் மூட்டில், அதாவது மரத்தின் அடியிலேயே, கொண்டு கொட்டமாட்டார்கள். மரத்தைச் சுற்றி ஆறடி வரை தடம் எடுத்து, மண்ணை இளக்கி, மக்கிய தொழுவுரம் வருஷத்துக்கு ஒரு 50 கிலோ, மூட்டைவிட்டுத் தள்ளிப் பரப்பி மண்ணால் மூடுவார்கள். சத்தை உறிஞ்சும் இளவேர்கள் அங்கேதான் இருக்கின்றன. பச்சைச் சாணத்தைக் கொண்டு மூட்டில் குவித்தால் சூடு வேரைத்தான் தின்னும். சாணம் நல்லதுதான், ஆனால் மக்க வேண்டும், இடம் பார்த்துப் போட வேண்டும்.

நீ அவனிடம் சொன்ன வசனங்கள் எல்லாம் சத்தியம். கோபத்தோடு அவன் தலைமேல் கொட்டினாய், அவ்வளவுதான். முதலில் மண்ணை இளக்கு. அவன் வேலை எப்படிப் போகிறது, ராத்திரி என்ன யோசிக்கிறான் என்று கேள். இது ஊழியம் இல்லை என்று நினைக்காதே. உவமையில் தோட்டக்காரன் கையில் இருந்த வேலையே இவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அயனி மரத்தில் நல்லமிளகுக் கொடி ஏறியிருப்பதை நீ பார்த்திருக்கிறாய். கணுவுக்குக் கணு வேர்விட்டு மரத்தை இறுகப் பிடித்திருக்கும். ஆனால் அந்த மரத்திலிருந்து ஒரு சொட்டுச் சாறு எடுக்காது. யோவான் 15-ல் சொல்லும் கொடி அப்படியில்லை, திராட்சச்செடியின் சாறுதான் அதற்கு உயிர். சபையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் கிறிஸ்துவில் நிலைத்திருப்பதும் ஒன்று என்று நம் தலைமுறை எண்ணிவிட்டதோ என்று எனக்குப் பயம் உண்டு. உன் மகன் பிடியை விட்டது உனக்கு வேதனை. ஆனால் ஒக்கியில் போனவர்களுக்காக இத்தனை வருஷம் கழித்தும் மனசு பொறுக்காமல் கேட்கிற பையன் ஆண்டவரை விட்டு ரொம்பத் தூரம் போய்விட்டான் என்று நான் நம்பமாட்டேன்.

அந்த அத்திமரம் மறு வருஷம் காய்த்ததா? லூக்கா சொல்லவில்லை. தோட்டக்காரனுக்குக் கிடைத்தது தவணை மட்டும். மிஷனரி ரிங்கல்தௌபேயை நினைத்துப் பார். 1806-ல் வந்து, மயிலாடியில் சபையை நட்டு, உடம்பு முடியாமல் 1816-ல் கப்பல் ஏறினார். அப்புறம் என்ன ஆனார் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. 1818-ல் அடுத்த மிஷனரியாக மீட் ஐயர் வந்து தண்ணீர் பாய்ச்சினார். இன்று இந்த மாவட்டத்தில் ஞாயிறு காலை கேட்கும் மணிச் சத்தத்தை ரிங்கல்தௌபே கேட்கவே இல்லை. தேவனே விளையச்செய்தார் என்று பவுல் எழுதியதை நம் இருவருக்கும் ஆறுதலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சக்கை (பலா) பழுக்கும் சமயத்தில் அவனையும் கூட்டிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை இங்கே இருக்க நேர்ந்தால் சர்ச்சுக்கு வருகிறாயா என்று நீ கேட்க வேண்டாம், நானும் கேட்கமாட்டேன். விளையில் வேலை இருக்கிறது, அவனும் நானும் மம்பட்டி எடுத்துக்கொள்கிறோம். என்ன கேட்டாலும் உட்கார்ந்து கேட்க எனக்கு நேரம் இருக்கிறது. நீ மைனியோடு திண்ணையில் இரு.

அவன் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கிறோம். மைனிக்கு எங்கள் அன்பைச் சொல். சொட்டு மருந்தை நாள் தவறாமல் விடச் சொல். எந்த ரயில் என்று முன்கூட்டி எழுது, நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பழைய சிநேகிதன்