பிள்ளைக்கு வயதுச் சான்று, பயிற்சியாளருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிந்ததும் கால்பந்துக் கோடை முகாம்கள் தொடங்கிவிடும். வியாசர்பாடி முதல் குமரிக் கடலோரத் தூத்தூர் வரை, மைதானம் உள்ள ஊர்களிலெல்லாம் விடியற்காலையிலேயே பிள்ளைகள் பந்தோடு வந்து நிற்பார்கள். அவர்களைப் பொறுப்பேற்கும் பெரியவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்துச் சேர்க்கும் வழக்கம் பெரும்பாலான அமெச்சூர் கிளப்புகளில் இல்லை. அதைப் பற்றியே இக்கடிதம்.

பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிக்கான படிவம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், அந்தப் பள்ளியில் படிப்பதற்குத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட போனஃபைடு சான்று, போட்டோவின் மேல் பாதி விழும்படி பள்ளி முத்திரை. பெரிய போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பதும் உண்டு. அதே படிவத்தின் அடியில் பயிற்சியாளர், மேலாளர் என்று இரண்டு கோடுகள் இருக்கும். அங்கே பெயரும் கைபேசி எண்ணும் எழுதினால் போதும். வயதை மறைத்து ஒருவன் ஆடினால் ஒரு கோப்பை தவறான கைக்குப் போகும், அவ்வளவுதான். பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போய் இரவில் உடன் தங்குகிறவர் தவறானவராக இருந்தால், அந்தப் பிள்ளையின் வாழ்க்கையே சிதைந்துபோகும்.

பெரியவர்களைச் சரிபார்ப்பது ஏதோ நல்லெண்ணத்தில் செய்ய வேண்டிய காரியம் என்று கிளப் நிர்வாகிகள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டமான போக்சோவுக்கு 2020 மார்ச்சில் வந்த விதிகளில் மூன்றாம் விதி, பள்ளிகளோடு சேர்த்து விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியருக்கும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்கிறது. இதற்கான விண்ணப்பத்தைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே போடலாம்.

ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. வழக்குப் பதிவானால்தான் அதில் தெரியும். நம் ஊரில் நடப்பது என்ன? புகார் வந்ததும் நாலு பேர் கூடிப் பேசி, 'பையன் பெயர் கெட்டுவிடும்' என்று பெற்றோரைச் சமாதானப்படுத்தி, பயிற்சியாளரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுவார்கள். அடுத்த சீசனில் அவர் பக்கத்து மாவட்டத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பார். அதனால் இதற்குமுன் வேலை பார்த்த இரண்டு கிளப்புகளுக்காவது போன் போட்டு, 'இவரை மறுபடியும் உங்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளராக வைப்பீர்களா?' என்று நேராகக் கேட்க வேண்டும். எதிர்முனையில் வரும் தயக்கமே பல நேரம் பதிலாகிவிடும். பணம் வாங்காமல் உதவிக்கு வரும் மூத்த ஆட்டக்காரர், வேன் டிரைவர், மசாஜ் செய்பவர் என எல்லோருக்கும் இது பொருந்தும். 'அண்ணன் சும்மா ஹெல்ப்புக்கு வர்றாரு' என்று சொல்லப்படும் ஆளைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் மைதானத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. வெளியூர் டோர்னமெண்ட் என்றால் கல்யாண மண்டபத்திலோ பள்ளி வகுப்பறையிலோ பாய் விரித்துப் படுக்க வைப்பார்கள். இடம் போதவில்லை என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பத்தொன்பது வயது இளைஞனும் ஒரே அறையில் படுப்பார்கள். பயிற்சியாளரும் அங்கேயே ஒரு மூலையில். வயதுப் பிரிவுக்கு ஒரு அறை, பெரியவர்களுக்குத் தனி அறை, பெண்கள் அணியென்றால் இரவு முழுவதும் உடன் தங்கும் பெண் பொறுப்பாளர் ஒருவராவது, இவை இல்லாவிட்டால் அந்தப் போட்டிக்குப் போகக் கூடாது. 2022இல் இந்தியாவின் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஐரோப்பாவில் பயணத்தில் இருந்தபோதுதான் அதன் உதவிப் பயிற்சியாளர் பாலியல் புகாரில் நீக்கப்பட்டார். தேசிய அணிக்கே அந்த நிலை என்றால், தெருமுனை கிளப்பில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

வேனில் எத்தனை பேர் போனாலும் கடைசியாக இறங்கும் பிள்ளை தனியாகத்தான் இருக்கும். காலையில் முதலில் ஏறும் பிள்ளையும் அப்படியே. வீடு வீடாக இறக்குவதை விட்டுவிட்டு, பெற்றோர் வந்து நிற்கும் ஒரே இடத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டால் இந்தச் சிக்கலே வராது. முடியாவிட்டால் வேனில் இன்னொரு பெரியவர் கடைசி வரை இருக்க வேண்டும். பைக்கில் ஒற்றைப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவதை அடியோடு நிறுத்த வேண்டும். தொடை இடுக்கில் தசை பிடித்துக்கொள்வது கால்பந்தில் சாதாரணம். அதற்கு ஸ்ப்ரே அடிப்பதும் நீவிவிடுவதும் மூடிய அறையில் நடக்கக் கூடாது. மைதான ஓரத்தில், இன்னொரு பெரியவர் பார்க்க, பிள்ளையிடம் கேட்டுவிட்டே தொட வேண்டும். பெரும்பாலும் ஐஸ் பையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாலே போதும்.

வாட்ஸ்அப்பில் பிள்ளைக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. பெற்றோரும் இருக்கும் குழுவில் போட்டால் போதும். வெற்றிப் படத்தோடு பிள்ளையின் முழுப் பெயரையும் பள்ளியையும் சேர்த்துப் பதிவிடுவதையும் விட வேண்டும்.

யார் கண்ணிலும் படாமல் போவது, திறமையால் சீனியர் அணிக்கு ஏற்றப்பட்ட பதினைந்து வயதுப் பையன்தான். அவன் பெரியவர்களோடு உடை மாற்றுகிறான், பெரியவர்களின் வெற்றிக் கொண்டாட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். லீக் ஆட்டம் என்பதால் கிளப்பும் அவனைப் பெரியவனாகவே நடத்துகிறது. ஆனால் பதினெட்டு நிரம்பாத எவரும் சட்டப்படி குழந்தைதான். ஆண் பிள்ளைகளுக்கும் போக்சோ அப்படியே பொருந்தும். 'பையன்தானே, என்ன ஆகிவிடும்' என்ற நினைப்பு பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் 2016இல் வெளிவரத் தொடங்கிய பழைய பாலியல் கொடுமைகளில் பாதிக்கப்பட்டவர்கள் மிகப் பெரும்பாலும் ஆண்கள். சிறுவர் அணிகளில் ஆடியபோது நடந்ததைச் சொல்லப் பலருக்கு முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று அங்கே சிறுவர் அணி நடத்தும் ஒவ்வொரு கிளப்பிலும் பிள்ளைகள் நலனுக்கென ஒரு பொறுப்பாளர் இருந்தாக வேண்டும்.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை என்றால், டீமில் இடமும், மாவட்டத் தேர்வும், அதன் வழியே கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் பயிற்சியாளர் ஒருவர் கையில் இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். அதனால் அணித் தேர்வில் குறைந்தது இரண்டு பேர் உட்கார வேண்டும். புகார் கேட்பவர் பயிற்சியாளராகவோ அவருடைய உறவினராகவோ, ஜெர்சிக்குப் பணம் தருபவராகவோ இருக்கக் கூடாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரோ, பிள்ளைகள் நம்பும் ஒரு தாயோ போதும். அவர் பெயரையும் எண்ணையும், பிள்ளைகளுக்கான உதவி எண்ணான 1098 என்ற இலவச எண்ணையும் பிள்ளைகள் பை வைக்கும் இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். செயலாளர் அறையில் மாட்டினால் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கப் போவதில்லை.

ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் என்ன செய்வது என்பதில்தான் நல்ல மனிதர்களும் தடுமாறுகிறார்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அதைக் காப்பாற்ற முடியாது. குறுக்கே கேள்வி கேட்காமல் கேட்டுவிட்டு, பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில், தேதியும் நேரமும் போட்டு உடனே எழுதிக்கொள்ள வேண்டும். 'அங்கே தொட்டாரா, இப்படிச் செய்தாரா' என்று நாமே எடுத்துக் கொடுத்தால், அந்த வாக்குமூலம் பின்னால் நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிப்பதும் தவறு; அது அவருக்கு எச்சரிக்கை கொடுப்பதில்தான் முடியும். அன்றைக்கே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ 1098க்கோ தெரிவித்துவிட்டு, அவரைப் பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஓய்வெடுக்கட்டும் என்று பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்வது, தண்டனையைப் பிள்ளைக்குக் கொடுப்பதாகும்.

உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்ற பயம் வேண்டாம். குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆம் பிரிவு. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்றும் அதுவே சொல்கிறது. மறைத்தால்தான் ஆபத்து. தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. வாக்குமூலம் வாங்கப் பிள்ளையின் வீட்டுக்கே போலீஸ் வரலாம், சீருடையில் வரக் கூடாது. இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது. இவை தெரிந்தால் பல பெற்றோரின் தயக்கம் பாதியாகக் குறையும்.

இந்தக் கட்டுப்பாடுகளெல்லாம் பயிற்சியாளர்களை அவமதிப்பதாகச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பயிற்சியாளர்களும் நடுவர்களுமாகிய நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இரண்டாவது பெரியவர் உடன் இருப்பது நேர்மையான பயிற்சியாளருக்கும் சாட்சி.

மாவட்டக் கால்பந்துச் சங்கங்களும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் நுழைவுப் படிவத்தில் இன்னும் ஒரே ஒரு பக்கம் சேர்க்கட்டும். அணியோடு வரும் ஒவ்வொரு பெரியவரின் போட்டோ, காவல்துறைச் சரிபார்ப்பு எண்ணும் தேதியும், முன்பு பணியாற்றிய இரண்டு கிளப்புகள், தங்குமிட அறைப் பட்டியல், புகார் கேட்பவரின் பெயர். அந்தப் பக்கம் நிரம்பாத அணிக்குப் போட்டி அட்டவணையில் இடம் கிடையாது என்று அறிவித்தால், ஒரே சீசனில் கிளப்புகள் வழிக்கு வரும். டர்ஃப் எனப்படும் செயற்கைப் புல் மைதானங்களின் உரிமையாளர்களும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுமுன் இதே பக்கத்தைக் கேட்கலாம். இந்தக் கோடையில் முகாமுக்குப் பணம் கட்டும் பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ரசீது வாங்கும்போதே, சரிபார்ப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். புகார் கேட்பவர் யார் என்று கேட்டு, அவரை அங்கேயே அழைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இளையோர் கால்பந்துப் பயிற்சியாளர்கள், நடுவர்கள் சிலர்,
வட சென்னை.