திரும்பி வந்த 11 கத்திகள்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் எங்கள் பட்டறைக்கு வந்து போகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கதையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். மலையில் எந்தச் செய்தியும் மூன்றாவது வளைவைத் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இருந்தாலும் எங்கள் வாயால் சொல்வதுதான் முறை.

போன மார்கழியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு 40 கவ்வாத்துக் கத்தி, அதாவது செடியின் கிளை கழிக்கிற கத்தி, அடித்துக் கொடுத்தோம். சித்திரையில் கவ்வாத்து தொடங்கிய முதல் வாரமே அதில் 11 கத்திகள் சாக்கில் கட்டித் திரும்பி வந்தன. சிலவற்றில் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, பிறை பிறையாகத் தெறித்திருந்தது. இரண்டில் நடு உடம்பிலேயே மயிரிழை மாதிரி விரிசல். நல்லவேளை, யார் கையிலும் காலிலும் படவில்லை. கணக்கும் கடையும் பார்ப்பது நான், உலை அப்பாவுடையது. அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. 11 கத்தியையும் திண்ணையில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்தக் கத்திகளை எங்கள் சங்கத்துக்குக் கொண்டு போனேன். சங்கம் என்றால் பெயர்ப்பலகை, நாற்காலி எல்லாம் கிடையாது. இந்தப் பக்கத்தில் இன்னும் உலை மூட்டுகிற பட்டறைக்காரர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒரு கூட்டு. அமாவாசைக்கு அமாவாசை கூடுவோம். அன்று எங்கள் ஆட்கள் வழக்கமாகத் தொழிலுக்கு லீவு விடுவதால் எல்லோருக்கும் தோதான நாள் அதுதான். கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த எங்களைப் போன்ற ஆசாரிக் குடும்பங்களும் உண்டு, இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர் பெரியவர்களும் உண்டு. உண்மையில் இந்த மலையில் இரும்படிப்பு கோத்தர்களுடைய தொழில். கோத்தகிரி என்ற பெயரே 'கோத்தர் கேரி', அதாவது கோத்தர் தெரு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். தோடருக்குக் கோடாரி, படகருக்குக் கொத்தும் அரிவாளும் என்று மலை முழுவதற்கும் அவர்களுடைய ஏழு ஊர்களிலிருந்துதான் இரும்புச் சாமான் போனது. கூலி காசாக வரவில்லை. படகர்கள் தானியம் கொடுத்தார்கள், தோடர்களிடமிருந்து நெய்யும் எருமையும் வந்தன. பாதை போட்டுச் சந்தை மலையேறிய பிறகு அந்தக் கொடுக்கல் வாங்கல் கொஞ்சம் கொஞ்சமாக அற்றுப்போனது. எங்கள் கொள்ளுத்தாத்தா அந்தச் சந்தைப் பாதையில் ஏறி வந்தவர்தான். ஆக, அவர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து தொழில் பேச எங்களுக்கு நாலு தலைமுறை ஆகியிருக்கிறது.

சரி, கத்திக்கு வருகிறேன். கோத்தர் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கத்தியையும் காம்பைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் நகத்தால் சுண்டினார். முழுசாக இருக்கிற கத்தி 'ணங்' என்று இழுத்துப் பாடும். விரிசல் விட்டது 'டொக்' என்று செத்த சத்தம் போடும். பார்வைக்குக் குறையில்லாமல் இருந்த இன்னும் மூன்றை இப்படி அவர் ஓரமாக எடுத்து வைத்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்நேரத்துல தோய்ச்சீங்க?"

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இரும்பு அரிவாளாக மாறுவது சம்மட்டியடியில். அது வெட்டுகிற அரிவாளாவது தோய்ச்சலில். பழுக்கக் காய்ச்சிய வாயைச் சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்குவதைத்தான் தோய்ச்சல் என்கிறோம். சூடு சரியாக ஏறியதா என்பதை அப்பா நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார். பட்டறையை எப்போதும் அரை இருட்டாக வைத்திருப்பது அதற்காகத்தான். அழுக்கு என்று நினைத்து ஜன்னல் வைக்கச் சொல்லிய வாடிக்கையாளர்களுக்கும் இதுவே பதில். வெயிலில் நிறம் ஏமாற்றும். பழகுகிற பையன்களுக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை என்பதால், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறோம். ஏறக்குறைய 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுவது நின்றதும் இன்னும் கொஞ்சம் காட்டிவிட்டுத் தோய்க்கலாம்.

தோய்த்த வாய் கண்ணாடி மாதிரி கடினமாக இருக்கும். கீழே போட்டால் உடையும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் இறக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு பழுப்பு, கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். கத்தி என்றால் அப்பா வைக்கோலுக்கும் பழுப்புக்கும் நடுவில் நிறுத்துவார். கல்லில் மோதுகிற கொத்து என்றால் கத்தரிப்பூ வரை விடுவார். இந்த நிறங்கள் ஓடுவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக்கூடாது. போனும் எடுக்க மாட்டார். ஈக்கு இரும்படிக்கிற இடத்தில் என்ன வேலை என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த மார்கழியில் நடந்தது இதுதான். அப்பாவுக்குக் காய்ச்சல். எண்ணெய்த் தொட்டி கசிந்து பாதி காலியாகியிருந்தது. தோட்டத்துக்கு நான் தேதி கொடுத்துவிட்டேன். பையன்கள் விடியற்காலையில் உலை மூட்டி, வெளியே இருந்த டிரம் தண்ணீரில் தோய்த்தார்கள். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த தண்ணீர், கை வைத்தால் எலும்பு வலிக்கும். நாங்கள் அடிப்பது லாரியின் ஸ்பிரிங் பட்டை. அந்த எஃகுக்கு எண்ணெய்தான் ஒத்துவரும், அதுவும் சற்று வெதுவெதுப்பான எண்ணெய். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் ஒரேயடியாகச் சுருங்கி உள்ளுக்குள்ளேயே விரியும். கீழே மேட்டுப்பாளையத்தில் இதே தப்பைச் செய்தவர் ஒருவேளை தப்பித்திருக்கலாம். மார்கழி மலையில் முடியாது. பையன்கள் மேல் குற்றமில்லை. தேதியைக் கொடுத்தது நான்.

இன்னொன்றும் அன்று தெரிய வந்தது. பழைய பட்டைகளில் சில, லாரியில் ஓடும்போதே களைத்துப்போய் உள்விரிசல் விட்டவை. கோவை உக்கடத்தில் பழைய இரும்பு வாங்கும்போது எடையைப் பார்த்தோமே தவிர ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கவில்லை. சில துண்டுகள் ஸ்பிரிங் பட்டையே இல்லை. சாணையில் வைத்தால் நல்ல எஃகின் பொறி மத்தாப்பூ மாதிரி கிளை கிளையாக வெடிக்கும். சாதா இரும்பின் பொறி நீளக் கோடாகப் போய் அணைந்துவிடும். அப்படிப்பட்டதை என்னதான் தோய்த்தாலும் வாய் நிற்காது.

40 கத்திகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாக அடித்துக் கொடுத்துவிட்டோம். அந்தச் செலவில் பாதியைச் சங்கம் ஏற்றது. இனிமேல் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் இரும்பு. சங்கத்துப் பட்டறைகள் எல்லாம் சேர்ந்து ஒரே லோடாக எடுக்கிறோம். இறக்கும்போதே தட்டிப் பார்த்து, சாணையில் பொறி பார்த்து, தேறாததைத் திருப்பி அனுப்புகிறோம். கரியும் அப்படியே. ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலங்கரி கூட்டாக வருகிறது.

இரண்டாவது, ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் அச்சு. இந்தத் தை முதல் நீங்கள் வாங்கும் சாமானின் காம்பருகில் பிடிக்கு மேலே ஒரு சின்ன முத்திரை இருக்கும். எங்களுடையது மூன்று இலை. ஓராண்டுக்குள் வாய் தெறித்தால், விரிசல் விட்டால், எந்தச் சங்கத்துப் பட்டறையிலும் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். முத்திரையைப் பார்த்து யாருடைய தப்பு என்பதை நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அமாவாசைக் கூட்டங்களில் இப்போது கொஞ்சம் சூடு அதிகம்தான்.

மூன்றாவது விலை. கவ்வாத்துக் கத்தி 450 ரூபாயிலிருந்து 600 ஆகிறது. மற்றவையும் ஏறக்குறைய இந்தக் கணக்கில் ஏறும். சங்கம் வைத்த விலைக்குக் கீழே யாரும் விற்கக்கூடாது என்று முடிவாகியிருக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் அந்தக் கூட்டத்தில் இதை எதிர்த்துப் பேசியவள் நான்தான். பத்து ரூபாய் குறைத்தால் ஆள் வரும் என்ற கடைக்காரப் புத்தி. அதற்கு ஒருவர், "நீ பத்து குறைப்ப, நான் இருபது குறைப்பேன், கடைசியில ரெண்டு பேரும் பதத்துலதான் குறைப்போம்" என்றார். எனக்கு மறுபேச்சு வரவில்லை. கத்தி ஒன்றுக்குக் குறைந்தது 3 கிலோ கரி, இரண்டு ஆளுடைய ஒன்றரை மணி நேரம். அதில் கூலி என்று ஒன்று நிற்க வேண்டுமென்றால் இந்த விலை வேண்டும். பழகுகிற பையன்களுக்கு இனி மாதச் சம்பளம் உண்டு. ஒரே பட்டறையில் இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒன்றாகச் சுற்றி வருவார்கள். எங்களிடம் கத்தி, அடுத்த இடத்தில் கோடாரி, கோத்தர் பெரியவரிடம் காது.

சம்மட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றினோம் என்று இருக்கக்கூடாது. அம்மா இருந்தவரை அம்மாதான் எங்களுக்குச் சம்மட்டி. ஒரு கையில் என்னை இடுக்கிக்கொண்டு துருத்தி ஊதுவாராம், என்னை இறக்கிவிட்டுச் சம்மட்டி எடுப்பாராம். இன்று அதற்கு ஆள் இல்லை. பட்டையை முதலில் நீட்டி இழுக்கிற வேலையைச் சங்கத்துக்குப் பொதுவாக வாங்கிய பவர் ஹேமரில் செய்கிறோம். வாய் தட்டுவது, வளைவு எடுப்பது, தோய்ச்சல், பதம் எல்லாம் கையால்தான். அந்த ஹேமருக்குக் கடன் தேடியபோது அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் உதவியது. 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால் உறுப்பினர் ஒருவர் பெயரில் எடுத்தோம். பழகுகிற 22 வயதுப் பையன் ஒருவன் இன்னும் 13 வருஷம் பொறுத்திருக்க வேண்டும். இளசுகளைத்தானே இந்தத் தொழிலில் நிறுத்தியாக வேண்டும் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

பில்லில் சிலருக்குச் சந்தேகம் வருகிறது. அரிவாள், மண்வெட்டி, கொத்து போன்ற கைக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அடுக்களைக் கத்திக்கு உண்டு. அதனால்தான் ஒரே பில்லில் ஒன்றுக்கு வரி இருக்கிறது, மற்றதற்கு இல்லை. பெயர், முகவரி, எதற்காக என்று நோட்டில் எழுதுவதும் எங்கள் ஆசைக்கு அல்ல. 2021 செப்டம்பரில் காவல்துறை இப்படிக் குறித்துவைக்கச் சொன்னதிலிருந்து பழக்கமாகிவிட்டது. முப்பது வருஷமாக வரும் அண்ணனிடமும் கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வீச்சரிவாள் நாங்கள் அடிப்பதில்லை. எந்தத் தேயிலைச் செடிக்கும் அது தேவைப்படாது. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் என்று வந்தால் வாய் வைக்காமல், முனை மழுக்கிச் செய்து தருவோம்.

இனி உங்கள் பக்கம் கொஞ்சம். தேயிலை வெட்டிய கத்தி கறுத்துப்போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். இலைக் கறையிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும், கெடுதல் இல்லை. ஆனால் ஈரத்தோடு வைத்தால் இந்த மூடுபனியில் இரண்டே நாளில் துரு ஏறும். துடைத்து எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் இங்கே குளிரில் உறைந்து கட்டிகட்டியாக நிற்கும், சரியாகப் பரவாது. விளக்கெண்ணெய் பூசுங்கள். பிடி ஆடினால் கத்தியோடு அடுப்பில் வைக்காதீர்கள். வீட்டில் பதம் போவது பெரும்பாலும் அப்படித்தான். எங்களிடம் கொண்டுவந்தால் பூண் மாற்றி, அரக்கு ஊற்றி, சீகை மரத்திலோ காபி மரத்திலோ பிடி போட்டுத் தருவோம். மெஷின் சாணையில் தீட்டும்போது வாயில் நீலம் ஓடினால் அந்த இடம் செத்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஆனாலும் தூக்கிப் போட வேண்டாம். மறுபடி காய்ச்சி அடித்துத் தோய்த்துவிடலாம். முத்திரையுள்ள சாமானுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இது இலவசம். ஆடி மாதத்துக்குள் கொண்டுவாருங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எல்லோரும் ஒரேயடியாக வந்து நின்றால் அப்பா சமாளிக்க மாட்டார்.

ஆர்டர் கொடுத்தால் இனி மூன்று வாரம். மார்கழி, தையில் நாலு வாரம். அந்த இரண்டு மாதமும் வெயில் ஏறி, எண்ணெயும் சூடான பிறகுதான் தோய்ப்போம் என்று சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருக்கிறது. எழுதியது அப்பா, படிக்க வேண்டியவள் நான். சாமானை எண்ணெய்த் தாளில் சுற்றிச் சணல் போட்டுத் தருவோம், பிளாஸ்டிக் உறை கிடையாது. பைக்கில் வருகிறவர்கள் சாக்கு கொண்டுவாருங்கள்.

அமாவாசை அன்று உலை இருக்காது. கடை திறந்திருக்கும், தீட்டக் கொடுக்கலாம். சுண்டிப் பார்த்துச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் அன்று சாயங்காலம் வாருங்கள், பெரியவர் இருப்பார்.

இப்படிக்கு,
பட்டறைக்காகக் கணக்குப் பிள்ளையும் மகளுமாகிய நான்
கோத்தகிரி