வலிக்காகவும் கரண்ட் வைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரும்பாலும் கல்நார் தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்றான மீசோதெலியோமா பற்றிய உங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரையில், கதிர்வீச்சுச் சிகிச்சையால் (எங்கள் பேச்சில் 'கரண்ட் வைப்பது') இந்த நோய் குணமாகாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது உண்மைதான். ஆனால் இதே வார்த்தையைக் கேட்டுத்தான் நாங்கள் இரண்டு மாதம் அப்பாவை வலியில் விட்டுவிட்டோம்.

அப்பா இளவயதில் கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறு சுற்றும் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டு முப்பது வருஷம் கழித்து மூச்சு வாங்கியது, நெஞ்சில் நீர் கோத்தது. சதை எடுத்துச் சோதித்து, நுரையீரல் உறையில் புற்று என்றார்கள். "குணமாகாதுன்னா எதுக்குக் கரண்ட் வைக்கணும்?" என்றார்கள் சொந்தக்காரர்கள். எங்களுக்கும் சரியென்றே பட்டது. அதற்குள் வலது விலாவில் பனியன் உரசினாலே துடிக்க ஆரம்பித்துவிட்டார். படுக்க முடியாது, தலையணையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் பார்த்த புற்றுநோய் மருத்துவர்தான் விளக்கினார். இது ஒரே கட்டியாக நிற்காமல் உறை முழுக்கப் படர்கிற புற்று. மொத்தத்துக்கும் கதிர் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் நுரையீரல் தாங்காது. வலிக்கிற இடத்துக்கு மட்டும் கொடுக்கலாம் என்றார். மொத்தம் 20 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), ஐந்து தவணை. விலாவில் மையால் குறி போட்டு, குளிக்கும்போது அழித்துவிடாதீர்கள் என்று சொல்லியனுப்பினார்கள். கதிர் கொடுப்பது சில நிமிஷம்தான். மேஜையில் மல்லாந்து படுப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. முன்கூட்டியே மார்ஃபின் மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போவோம். மூன்றாவது வாரம் அப்பா பாயில் படுத்துத் தூங்கினார்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். பிரிட்டனில் 40 பேருக்கு இதே அளவு கொடுத்துப் பார்த்ததில், ஐந்து வாரம் கழித்து 14 பேருக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. நெஞ்சு நீரை எடுக்கக் குழாய் போட்ட துளை வழியே புற்று வராமலிருக்க எல்லோருக்கும் முன்கூட்டியே கதிர் கொடுப்பதில் பயனில்லை என்று 203 பேரை வைத்து அங்கே நடந்த ஆய்வு 2016-ல் சொன்னது. ஆக, எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பிரித்து எழுதுங்கள். வலி தாங்காதவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டாவது பார்ப்பார்கள்.

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் என் மகளை அப்பா பக்கத்திலேயே விடவில்லை. அந்த ஐந்து நாளும் அவள் நிலைப்படியில் நின்றுகொண்டு "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டபடி இருந்தாள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தேவகோட்டை