ஜாம்பி வந்தால் செஞ்சிக்கு

அன்புள்ள முருகேசா,

மல்லாட்டை (இங்கே சொன்னால் வேர்க்கடலை) இந்த வருஷம் கைவிடவில்லை என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். பதில் போட இருபது நாள் ஆகிவிட்டது, திட்டாதே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் சொன்னால் நீ சிரித்தே முடித்துவிடுவாய்.

போன ஞாயிறு ராத்திரி, தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது பையன் கேட்டான்: "அப்பா, ஜாம்பி வந்தா நம்ம பிளான் என்ன?" ஜாம்பி தெரியுமே, சினிமாவில் செத்த பிறகும் எழுந்து வந்து மனுஷனைக் கடிக்கும், கடிபட்டவனும் ஜாம்பியாகிவிடுவான். பையன் ஒன்பதாவது படிக்கிறவன். கையில் ஒரு நோட்டு. கயிறு, டார்ச், பிஸ்கட், அரிவாள் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'முருகேசன் மாமா வீடு' என்று போட்டு அடிக்கோடும் இழுத்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

அமெரிக்காவில் நோய்த் தடுப்பு மையமே 2011 மே மாதம் இதற்கென்று ஒரு குறிப்பு போட்டதாம். தேடிப் பார்த்தேன், நிஜம்தான். படிக்க வந்த கூட்டம் தாங்காமல் அந்தப் பக்கமே படுத்துவிட்டதாம். புயலுக்குத் தயாராகு என்றால் எவனும் காதில் வாங்குவதில்லை, ஜாம்பி என்றால் உட்கார்ந்து படிக்கிறான். அவ்வளவுதான் சூட்சுமம். அந்தக் குறிப்பில் எடுத்துவைக்கச் சொன்னது இதுதான்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர், நம் கணக்கில் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் மருந்து, ரேடியோ, முக்கியமான சான்றிதழ்களின் நகல். "ஜாம்பி ஆதார் கார்டு கேக்குமா?" என்றாள் உன் தங்கச்சி.

அதே 2011-ல் அவர்கள் ராணுவத்திலும் பயிற்சிக்காக ஒரு ஜாம்பி எதிர்ப்புத் திட்டம் எழுதியிருக்கிறார்கள். நிஜமான ஒரு நாட்டின் பெயரைப் போட்டால் வம்பாகிவிடும் என்று ஜாம்பியை எதிரியாக்கினார்களாம். அதிலும் வகை வகையாக, கோழி ஜாம்பி, சைவ ஜாம்பி. சைவம் மனுஷனைத் தொடாது, செடிகொடிதான் மேயும். வந்தால் நேராக உன் கொல்லைக்குத்தான் வரும், பார்த்துக்கொள்.

சரி, பையனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. யோசிக்கவே இல்லை, "செஞ்சிக் கோட்டை" என்றேன். அதில் ராஜகிரி மலை எண்ணூறு அடி. உச்சிக்குப் போகிற வழியில் பாறை பிளந்து கிடக்குமே, அதன்மேல் ஒரு பாலம், நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி தாண்டினாயே, அந்த இடம். பலகையை உருவிவிட்டால் எந்த ஜாம்பியும் இந்தப் பக்கம் வர முடியாது. நெற்களஞ்சியம் இருக்கிறது, சுனை இருக்கிறது. 1690-ல் முற்றுகை போட்ட மொகலாயப் படைக்கே 1698 வரை ஆயிற்று, அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய ராஜா ராஜாராம் தப்பிப் போய்விட்டார். இதையெல்லாம் அளந்துவிட்டேன். பையன் வாயைப் பிளந்து கேட்டான். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததை அவனே சொன்னான்.

குரங்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. 1997-ல் உங்க அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் ஞாபகமிருக்கிறதா? அந்தக் கிழட்டுக் கடுவன் நம் எதிரிலேயே இலையைப் பிரித்து, சோற்றை உதறிவிட்டு, மல்லாட்டைப் பயிறை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் நம்மால் அரைமணி நேரம் சோற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

இத்தனை நேரமும் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் முறத்தைத் தட்டிவிட்டு, "நீங்க ஏறிப் போங்க. எனக்கு முட்டி ஒத்துக்காது. நான் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கேன்" என்றாள். தமாஷாகத்தான் சொன்னாள். பையன் நோட்டை மூடிவிட்டான்.

எனக்கு 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது நாங்கள் தரைத்தளம். இரண்டாம் தேதி காலையில் கட்டில் வரைக்கும் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை. மேல்மாடிக்காரரோடு பைக் நிறுத்துகிற தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து அம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டு போனார். நான் இன்சுலின் டப்பாவை மட்டும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பிரிட்ஜ் ஓடாதே? அவர் வீட்டம்மா ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் கிண்ணத்தை மிதக்கவிட்டு மருந்தை வைத்து, ஈரத்துணியால் மூடினார். பதினோரு பேர், ஒரே சிலிண்டர், மூன்று நாள். பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்ற நேரம் அது. தண்ணீர் வடிந்து மூன்றாம் வாரமே பைக் சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது, அது வேறு.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

2020 ஏப்ரல், கொரோனா நேரம், அதே கட்டடம். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்த பெண் நர்ஸ். ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்த்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் ஒட்டிவிடும், கொஞ்ச நாள் வேறு எங்காவது தங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. முதல் கையெழுத்து அம்மாவைத் தூக்கிச் சுமந்தவருடையது. ஐந்தாவது என்னுடையது. ஒரு சாயங்காலம் அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே, ஒரு பையும் ஹெல்மெட்டுமாக ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அவளுக்குக் காய்ச்சல்கூட இல்லை, முருகேசா.

ஜாம்பிக் கதைகளில் எப்போதும் ஒருத்தன் கடிபட்டதை மறைத்துக்கொண்டு கூட்டத்தோடு உள்ளே வந்துவிடுவான். அவனை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பலகையை உருவுகிறவனை நினைத்துத்தான் பயம். யார் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகு உருவுவான்? பையனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் பிடிபடவில்லை.

அவன் திட்டத்தைக் கைவிடவில்லை. மறுநாள் டோலி படம் ஒன்று வரைந்து கொண்டுவந்தான். பாட்டியைச் சுமக்க நாலு பேர், அதில் நீயும் ஒருத்தன், முன்பக்கம். உன் இடுப்புவலி பற்றிச் சொன்னேன், கேட்கவில்லை. உன் கிணற்றில் கையால் இறைக்கிற ராட்டினம் இன்னும் இருக்கிறதா, மோட்டார் போட்டதும் கழற்றிவிட்டாயா என்று கேட்கச் சொன்னான். மறக்காமல் எழுது.

பொங்கலுக்கு வருகிறோம், கோட்டைக்கும் போவோம். அம்மா ஏறமாட்டாள், கீழே கல்யாண மகால் பக்கம் நிழலில் உட்கார்ந்திருப்பாளாம். புளிசாதம் இந்தத் தடவை எவர்சில்வர் டிபன் பாக்ஸில், கிளிப் போட்டது.

இப்படிக்கு,
உன்
சேகர்