செயலாளர் ஆண்டறிக்கை: திரும்பி வந்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, நம்மோடு அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, அவர்களின் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. நூலக அறைக்குப் புது அலமாரி வந்தது. சந்தா பாக்கி உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் கட்டிவிடுங்கள்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, முன்னாள் படைவீரர்களுக்கு நன்றி சொல்ல எடுத்த முயற்சிதான். எந்த நாளில் விழா வைப்பது என்பதிலேயே நீண்ட பேச்சு. நவம்பர் 11 என்றார் ஒருவர். 1918-இல் அன்று காலை 11 மணிக்குத்தான் முதல் உலகப் போர் நின்றது. அமெரிக்காவில் போர்நிறுத்த நாளாக இருந்த அந்தத் தேதியை 1954-இல் படைவீரர் நாள் என்று மாற்றினார்கள். போரில் உயிர் நீத்தவர்களை நினைக்க அங்கே மே மாதத்தில் தனியாக ஒரு நாள் இருக்கிறது. இந்தியாவில் 1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். இதையெல்லாம் பேசும்போதுதான் நம் தவறு பிடிபட்டது. இத்தனை ஆண்டும் அஞ்சலிக் கூட்டம் மட்டுமே நடத்தியிருக்கிறோம். உயிரோடு திரும்பி வந்து பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சரி, மேடையில் ஏற்றினால் போதுமா? போதாது என்று முதல் வீட்டிலேயே தெரிந்தது. அழைக்கப் போன எங்களிடம் அந்தப் பெரியவர் மனைவியைக் காட்டி, "என்னைக் கூப்பிடுறீங்க, சரி. இவளை எங்கே உட்கார வைப்பீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அப்புறம் அந்த அம்மாதான் பேசினார். ஒருமுறை கணவர் விடுப்பில் வந்து வாசலில் நின்றாராம். மூத்த குழந்தை உள்ளே ஓடிவந்து, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்கார்" என்றதாம். பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அன்றைக்கே திட்டத்தை மாற்றினோம். விழாவில் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்தோம். நன்றிக் கடிதத்தில் மனைவி, பெற்றோர் பெயரையும் எழுதினோம். பிள்ளைகள் "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டுவிடாமல், அங்கே யார் நண்பர், வீட்டுக் கடிதம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தோம். கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை.

வாணவேடிக்கை வைப்பதாக இருந்தது. வெடிச் சத்தம் கேட்டால் தன் கணவர் இன்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்று இன்னொரு வீட்டில் சொன்னார்கள். உடனே கைவிட்டோம். முதல் உலகப் போர்க் காலத்தில் இதை 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு வெடிப்பு அதிர்ச்சி, என்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்தப் பாதிப்பை ஒரு தனி நோயாகப் பட்டியலில் சேர்த்ததே 1980-இல்தான். இந்தப் பாதிப்பு இருந்தவர்களும் அந்த உலகப் போரில் தண்டிக்கப்பட்டார்கள். ஓடிப்போனார்கள், கோழைகள் என்றெல்லாம் குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்ற 306 வீரர்களுக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006-இல். அதுவரை அவர்கள் குடும்பங்கள் அந்தப் பழியைச் சுமந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். அழைப்பிதழில் இரண்டு பேரின் பதவியைத் தவறாக அச்சிட்டுவிட்டோம். ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற பதவி அது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இந்த அவையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

கணவரை இழந்த பெண்கள் சிலர் குடும்ப ஓய்வூதியத் தாள்களை வைத்துக்கொண்டு தனியாக அலைகிறார்கள். வரும் ஆண்டில் வாரம் ஒரு நாள் சங்க அறையில் உட்கார்ந்து அவர்களுக்குப் படிவம் நிரப்பித் தர இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்