மெகாபிக்சல் எண்ணும் படத்தின் தெளிவும்

ஆசிரியருக்கு,

புதிய செல்போன்களை ஒப்பிட்டு நாளிதழ்களில் வரும் அட்டவணைகளில் கேமராவுக்கென்று பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம்தான்: எத்தனை மெகாபிக்சல், அதாவது படம் எத்தனை பத்து லட்சம் புள்ளிகளால் (பிக்சல்களால்) ஆனது? 50 என்று ஒன்றிலும் 200 என்று இன்னொன்றிலும் போட்டிருந்தால், இரண்டாவதில் நான்கு மடங்கு தெளிவு என்றுதானே வாசகர் எடுத்துக்கொள்வார்? அந்தக் கணக்கு செல்லாது.

எவ்வளவு நல்ல லென்ஸானாலும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே சென்சாரில் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லில்) விழவைக்க முடியாது. ஒளி அலை என்பதால், லென்ஸின் துளைக்குள் நுழையும்போது பரவி ஒரு குட்டி வட்டமாகத்தான் விழும். பள்ளி இயற்பியலில் படித்த விளிம்பு விளைவுதான். எஃப் 1.8 துளையில் (எஃப் எண் துளையின் அளவைக் குறிக்கும், எண் சிறிதானால் துளை பெரிது), பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு சுமார் 2.4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 200 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ ஏறத்தாழ 0.6 மைக்ரான். ஒரு வட்டத்துக்குள் குறுக்கே நான்கு பிக்சல்கள் அடங்கிவிடுகின்றன. அவை பெரும்பாலும் ஒரே சேதியைத்தான் நான்கு முறை எழுதிக்கொள்கின்றன. இது குறையே இல்லாத லென்ஸின் கணக்கு. நிஜ லென்ஸ், அதிலும் படத்தின் ஓரங்களில், இன்னும் மோசம்.

இவ்வளவு சிறிய பிக்சலில் விழும் வெளிச்சமும் சொற்பம். ஆகவேதான் 16 பிக்சல்களை ஒன்றாக்கி, 12.5 மெகாபிக்சல் படமாகவே போன் வழக்கமாகச் சேமிக்கிறது. அதுவே தாராளம்: ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 8.7 மெகாபிக்சல் போதும்.

வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதை அழிக்கப் புகும் மென்பொருள் தலைமுடியையும் துணியின் இழையையும் சேர்த்தே அழித்து, மெழுகு பூசினாற்போல் ஆக்கிவிடும். பிறகு விளிம்புகளை அழுத்தி வரையும். கட்டடத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது அந்தக் கைவேலைதான். தொலைந்த நுணுக்கம் அதனால் திரும்பாது.

ஜூம் விஷயம் தனி வேடிக்கை. வெறும் டிஜிட்டல் ஜூமில் 10 மடங்கு போனால் மிஞ்சுவது நூறில் ஒரு பங்கு பிக்சல்கள். 50 மெகாபிக்சல் அரை மெகாபிக்சலாகிவிடும். தொலைவை நெருக்கிக் காட்டும் தனி டெலி லென்ஸ் உள்ள போனிலும் அறை வெளிச்சத்தில் அது வேலை செய்கிறதா என்பது சந்தேகமே. ஜூமை வைத்துவிட்டு அந்த லென்ஸை மட்டும் விரலால் மூடிப் பாருங்கள். திரை இருளாவிட்டால், முதன்மைக் கேமராவின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித்தான் போன் காட்டுகிறது.

படம் மங்கலானால் உடனே புதுப் போன் தேட வேண்டாம். முதலில் லென்ஸின் மேல் கண்ணாடியை மென்மையான துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய்ப் பசைதான் பலருக்குப் பிரச்சினை. அடுத்து, நல்ல பகல் வெளிச்சத்தில் போனை எதிலாவது சாய்த்து நிறுத்தி, டைமர் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி அச்சிட்ட தாள் ஒன்றைப் படமெடுங்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் கேமராவில் குறையில்லை. கை ஆட்டமோ வெளிச்சக் குறைவோதான் காரணம். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸைச் சந்தேகிக்கலாம். சுவர் தெளிவாக இருந்து ஓடும் குழந்தை மட்டும் இழுபட்டிருந்தால் ஓஐஎஸ் (படமெடுக்கும்போது லென்ஸையோ சென்சாரையோ நகர்த்தி ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி) உதவாது, அது ஈடுகட்டுவது கை நடுக்கத்தை மட்டுமே, வெளிச்சத்தைக் கூட்டுங்கள். மிகக் கிட்டே போனால் ஃபோகஸே ஆகாத கேமராக்களும் உண்டு. 25 சென்டிமீட்டர் விலகி 2 மடங்கு ஜூம் வைத்தால் சரியாகும்.

அட்டவணையில் சென்சாரின் அளவு, லென்ஸ் துளை, ஓஐஎஸ் உண்டா, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்ற நான்கையும் போட்டால் வாங்குபவருக்கு உதவும். வாசகர்கள் உங்களுக்கு அனுப்பும் படங்களையும் வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படமாக அனுப்பினால் செயலி சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த கோப்பு அப்படியே வந்து சேரும்.

– ஒளிப்படப் பயிற்றுநர்